நிலையாமையும் பெரும்பொருளும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் பொருள் வாங்கிய வரலாறு

சிரம்பானிலிருந்து தென்மேற்கே போர்ட்டிக்சன் கடற்கரையை நோக்கிச் செல்லும் வழியில் மம்பாவ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் சுற்றுவட்டாரத்திலும், அதற்கப்பால் ரந்தாவ், லின்சம், சுவா பெத்தோங் வரையிலும் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டி ஜீவனம் செய்த தமிழ்மக்களைப் பற்றி, அவர்களை வேலை வாங்கிய துரைமாரும், அவர்களைக் குறித்து அறிக்கை எழுதிய அதிகாரிகளும், பிற்காலத்தில் அவர்களைத் திருத்தப் புறப்பட்ட நம்மவரும் ஒருமுகமாகச் சொல்லிவந்த குற்றச்சாட்டு ஒன்று உண்டு. இவர்கள் கையில் காசு தங்காது. மாதம் முழுவதும் கஞ்சியும் கருவாடுமாகக் காலந்தள்ளுவார்கள். ஒருநாள் மொத்தமாகப் பணம் கிடைத்துவிட்டாலோ, முன்பின் யோசியாமல் ஒரு பெரும்பொருளை வாங்கி வந்து வீட்டில் வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், இருக்கிற வரைக்குந்தானே எல்லாம், போகும்போது எதைக் கொண்டுபோகப் போகிறோம் என்பார்கள் என்பதே அது. இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நியாயமானது என்று ஆராயப் புகுந்தபின் என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஆயுள் அற்பம் என்ற நினைவால் இம்மக்கள் செய்த கொள்முதல்களில் பெரும்பாலானவற்றை அவிவேகம் என்று தள்ளுவதற்கு இடமில்லை. வீட்டையும் நிலத்தையும் வாங்க முடியாதபடி அமைக்கப்பட்டிருந்த ஒரு வாழ்க்கையில், வாங்கத்தக்கதாக எது மிஞ்சியிருந்ததோ அதை அவர்கள் வாங்கினார்கள்.

தோட்டத்து வாழ்க்கையின் அமைப்பை அறிந்தாலன்றி இது விளங்காது. 1907ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் செலவில், கங்காணிகளின் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டு மலாயாவில் இறக்கப்பட்டார்கள். இந்திய அரசாங்கம் 1938இல் இந்த உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரையில் அது தொடர்ந்தது. வந்தவர்களுக்கு வேலை தோட்டத்தினுடையது, குடியிருந்த லயம் தோட்டத்தினுடையது, மருந்து தோட்டத்தினுடையது, பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக் கூரையுங்கூடத் தோட்டத்தினுடையது. வேலை போனால் வீடும் அன்றே போகும். நிர்ணயக் கூலியாக ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் இருந்ததும், உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது அதுவும் வெட்டப்பட்டதும், இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் 1930க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும், 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து பார்த்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் பழைய 50 காசும் 40 காசும் மீண்டும் வழங்கப்பட வேண்டுமென்று தம் அறிக்கையில் கேட்டதும் பலரும் அறிந்த சரித்திரம். முப்பதாண்டு உழைத்தவனும் ஒரு மாத நோட்டீசில் கப்பலேற வேண்டியவனே என்பதை இம்மக்கள் கண்ணெதிரே கண்டார்கள். அப்படிப்பட்டவன் இருபதாண்டுகளுக்குப் பின்னால் வரப்போகும் ஒரு நாளுக்காகக் காசு சேர்ப்பதை எந்த நம்பிக்கையின்மேல் தொடங்குவான்?

சம்பள நாளைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அரிசிக்குப் பிடித்தம், முன்பணத்துக்குப் பிடித்தம், மழைநாளில் மரம் வெட்டாததால் இல்லாமற்போன நாட்கூலி என்று கழித்துக்கொண்டு வந்து, மிச்சத்தை எண்ணிக் கையில் வைப்பார். அந்த மேசைக்கு நாலடி தள்ளி மளிகைக்கடைக்காரர் கணக்குப் புத்தகத்தோடு நிற்பார். அவருக்கு அப்பால் துணிமூட்டையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்த வியாபாரி. அவருக்கும் அப்பால் வட்டிக்குக் கொடுத்தவர். எல்லாரையும் கடந்து லயத்தை நோக்கி நடந்தால் வழியில், தோட்ட நிர்வாகமே அனுமதித்த கள்ளுக்கடை. இத்தனை கைகளையும் தாண்டி வீட்டுக்குள் வந்த பணம் பணமாகவே இருந்தால், பூட்டில்லாத பெட்டியும் நாலு பக்கமும் உறவினரும் உள்ள லயத்து அறையில் அடுத்த சம்பளம் வரைக்கும் அது நிற்காது. ஆகவே பெரும்பொருளாக மாறிய பணம் ஒன்றே காப்பாற்றப்பட்ட பணம் என்பதை, எந்தப் பொருளாதார நூலையும் வாசியாத தோட்டத்துப் பெண்கள் முதலில் உணர்ந்தார்கள். அவர்கள் தோட்டையும் மூக்குத்தியையும், கூடுமானால் ஒரு சவரனையும் வாங்கினார்கள். காதிலிருப்பதைக் கேட்டு வாங்கிப்போய்க் கள் குடிப்பதற்குக் கணவனே கூசுவான். அவசரம் வந்தால் சிரம்பான் அடகுக்கடையில் அதே தோடு அரைமணி நேரத்தில் மறுபடியும் பணமாகிவிடும்.

பொன் மட்டும் அல்ல, பசுவும் அப்படியே. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கட்டிய மாடு, கூலிக்கு மேல் ஒரு வரும்படியைத் தந்தது. பல தோட்டங்களில் பிற்காலத்தில் மாடு வளர்ப்பதற்குக் கட்டுப்பாடும் தடையும் வந்தபோது அதை எதிர்த்து எழுந்த மனத்தாங்கலின் ஆழம், அந்த மாடு அக்குடும்பத்தின் சொத்தாக இருந்ததை அறிந்தவருக்கே புலப்படும்.

இந்த மக்களின் உள்ளத்தில் ஆயுளின் அற்பத்தன்மையைப் பிரத்தியட்சமாகப் பதித்தது யுத்தகாலம். 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானது. சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டி அவர்கள் போட்ட ரயில்பாதைக்கு, மலாயாவிலிருந்து ஏறத்தாழ 78,000 தொழிலாளர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர். நல்ல கூலி என்று ஆசைகாட்டப்பட்டுப் போனவரும் உண்டு, வலுவில் பிடித்து ரயிலேற்றப்பட்டவரும் உண்டு. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் ஆறாத புண்ணிலும் மாண்டவர்கள், யுத்தம் முடிந்தபின் எடுத்த உத்தியோகக் கணக்கின்படியே முப்பதாயிரத்தை நெருங்கினார்கள். மெய்யான தொகை அதனினும் மிக அதிகம் என்பதே தோட்டங்களில் நிலவிய நம்பிக்கை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இத்துயரத்தைப் பேசுகின்றன. திரும்பிவராத ஆண்மக்கள் இல்லாத தோட்டம் அரிதாயிருந்தது. ஆள் கணக்கெடுக்கும் அதிகாலைப் பெரட்டில் பக்கத்தில் நின்றவன் அடுத்த மாதம் இல்லை என்பது இவர்களுக்குச் சமய நூல் போதித்த தத்துவமாக வரவில்லை. செக்ரோலில் அழிந்த பெயராக வந்தது.

அத்தோடு பணத்தின் அநித்தியமும் சேர்ந்துகொண்டது. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்ததால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்று அழைத்தார்கள். வரவர அதன் மதிப்பு தேய்ந்து, ஒரு மூட்டை அரிசிக்கு ஒரு கட்டு நோட்டு என்னும் நிலை வந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பிவந்து, அந்த நோட்டுகள் செல்லாதென்று அறிவித்தார்கள். மூன்றரை வருஷம் ஒரு குடும்பம் எவ்வளவு சிக்கனமாக அதைச் சேர்த்து வைத்திருந்தாலும், ஒரே அறிவிப்பில் அத்தனையும் வெறுங்காகிதம் ஆயிற்று. அதே காலத்தில் கையிலிருந்த நோட்டைக் கொடுத்து ஒரு குன்றிமணிப் பொன்னோ, ஒரு சைக்கிளோ, ஒரு கறவைப் பசுவோ வாங்கியவன் வாங்கிய பொருளோடு நின்றான். சேமித்தவன் இழந்தான்; செலவழித்தவன் பிழைத்தான். இப்படியொரு பாடத்தை ஒரு சமூகம் முழுவதும் ஒரே நாளில் கற்றுக்கொண்டபின், சேமிப்பின் பெருமையைப் பற்றி அதற்கு உபதேசிக்க வருகிறவர் முதலில் அந்தச் செல்லாத நோட்டுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாண்டுக்குள் நிலைமை மறுபக்கம் திரும்பியது. 1950 ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டது. வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1949இல் பவுண்டுக்குச் சராசரியாக 40 காசைக்கூட எட்டாதிருந்த விலை, 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 2 வெள்ளியைத் தாண்டியது. ரப்பர் விலையோடு கூலியையும் இணைத்துக் கணக்கிடும் ஏற்பாட்டினால் மரம் வெட்டுபவரின் கைக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. அரிசியும் துணியும் அதே வேகத்தில் விலையேறியதால் அப்பங்கின் மெய்யான மதிப்பு, வெளியார் எண்ணியதைக் காட்டிலும் குறைவே. ஆயினும் வாழ்நாளில் முதன்முறையாக, கடன் அடைத்தபின்னும் கொஞ்சம் எஞ்சிய மாதங்கள் அவை. இந்தச் செழிப்பான காலம் நிலைக்காது என்பதை மந்தகாலத்தைக் கண்ட கிழவர் எல்லாரும் அறிந்திருந்தார்கள். 1953க்குள் விலை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சரிந்து அவர்கள் எண்ணியதே நடந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டவர்கள் அந்த ஓரிரண்டு வருஷத்தில் வாங்கியவைதாம் பிற்பாடு நெடுநாள் தோட்டத்து வீடுகளில் நின்றன: சைக்கிள், கண்ணாடி வைத்த அலமாரி, பித்தளை அண்டா, ரேடியோ, தையல் இயந்திரம்.

தையல் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சிங்கர் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தவணைமுறையைக் கையாண்டு உலகெங்கும் ஏழைவீடுகளுக்குள் தன் இயந்திரத்தைக் கொண்டுசென்ற கம்பெனி. கறுப்பு உடம்பில் பொன்னிறக் கொடியும் பூவும் தீட்டி, இரும்புக் காலின்மேல் பலகை பொருத்தி, மிதிகட்டையோடு வந்த அந்த இயந்திரம், பத்தடிக்குப் பத்தடி அறையில் கால்பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். விலையோ பல மாதக் கூலி. வெளியிலிருந்து பார்த்தவர் இதைப் படாடோபம் என்றார். பகல் ஒரு மணிக்குப் பால் ஸ்டோரில் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த பெண், பிற்பகலில் அதன்முன் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டையும் பாவாடையும் தைத்துச் சம்பாதித்த சில்லறை, துரையின் செக்ரோலில் ஏறாத சில்லறை. அது அவளுடையது. கணவன் சயாமில் மாண்டபின் அந்த ஓர் இயந்திரத்தால் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மார் பல தோட்டங்களில் இருந்தார்கள். என்ன கூலி கொடுத்தோம் என்பதைக் கம்பெனிகள் காசு சுத்தமாக எழுதிவைத்தன. அந்தக் கூலியைக் கொண்டு அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பதை எழுதிவைத்தவர் இல்லை. ஊதாரித்தனம் என்ற அபவாதம் இவ்வளவு காலம் உயிரோடிருப்பதற்கு இக்குறையும் ஒரு காரணம்.

பிற நாட்டு அறிஞர்களின் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் என்ன கூறுகிறது என்று பார்ப்பதும் பயன்தரும். அமெரிக்க உளவியலறிஞர் டிம் காசர், கென்னன் ஷெல்டன் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தம் மரணத்தைப் பற்றி எழுதும்படி கேட்கப்பட்ட மாணவர்கள், வேறொரு விஷயத்தைப் பற்றி எழுதிய மாணவர்களைவிட வருங்காலத்தில் தாம் அதிகச் செல்வம் பெறப்போவதாக எதிர்பார்த்ததும், காட்டுவளத்தைப் பகிரும் ஒரு விளையாட்டில் அதிகப் பேராசை காட்டியதும் தெரியவந்தன. மரண நினைவு மனிதனைப் பொருளின் பக்கம் தள்ளும் என்பதற்கு இது சாட்சி. ஆயினும் சிறிது நேரம் மரணத்தைக் கற்பனை செய்த கல்லூரி மாணவனும், மரணத்தோடு குடித்தனம் நடத்திய தோட்டத் தொழிலாளியும் ஒருவரல்லர். நம் விஷயத்துக்கு இன்னும் அணுக்கமாக வருகிறவர் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன். மக்கள் எதிர்பாராமல் வந்த வரும்படியை அன்றாடச் செலவில் கரைத்துவிடுவதில்லை என்று 1957இல் அவர் எழுதியபோது, நீடித்துப் பயன்தரும் பொருளை வாங்குவதையும் சேமிப்பின் கணக்கிலேயே சேர்த்தார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் வெளியிட்ட நூலில், சாப்பாட்டுக்கே முடைப்பட்ட ஒரு மொரோக்கோ கிராமத்து வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டு வியந்து, அந்த வியப்பின் காரணத்தைத் தங்களிடமே தேடுகிறார்கள். அக்கண்ணால் பார்த்தால் லயத்து வீட்டு ரேடியோவும் தையல் இயந்திரமும் மூக்குத்தியும் செலவுக் கணக்கிலிருந்து வரவுக் கணக்குக்கு மாறிவிடுகின்றன.

நம் முன்னோர் நிலையாமையைப் பற்றி எழுதியவற்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. திருக்குறளின் முப்பத்துநான்காம் அதிகாரம் நிலையாமை; நாலடியாரோ செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்துக்கொண்டே தொடங்குகிறது. இந்நூல்கள் நிலையாமையிலிருந்து பெறுகிற முடிவு அறத்தை இன்றே செய் என்பது. தோட்டத்து மக்கள் இம்முடிவையும் கைவிட்டவர்களல்லர். மாரியம்மன் திருவிழாவுக்கு உபயம் ஏற்று, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்து, கோயிலுக்கு மணியும் வேலும் எழுதிவைத்த கூலிக்காரர் கணக்கற்றவர். நாளைக்கு என்று தள்ளிவைக்க நாள் இல்லை என்ற உணர்வு அம்மனுக்குப் பட்டு வாங்கவும் தூண்டியது, மகளுக்குத் தோடு வாங்கவும் தூண்டியது. இரண்டுக்கும் ஊற்று ஒன்றாயிருக்க, ஒன்றைப் பக்தியென்று புகழ்ந்து மற்றதை ஊதாரித்தனம் என்று இகழ்வது எனக்குச் சம்மதமில்லை.

இவ்வகைக் கொள்முதலுக்குப் பெருந்தொகை திரட்டத் தோட்டத்தில் இருந்த ஒரே உபாயம் கூட்டு. பத்து இருபது பேர் மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் இச்சீட்டு முறை, நாணயமான கையில் இருந்தபோது பல வீட்டுக் கல்யாணங்களை நடத்திவைத்தது. நாணயமற்ற கையில் சிக்கியபோது பல வீடுகளை அழவைத்தது. 1971இல் மலேசிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தடைசெய்தது. தடையை நான் குறைகூறவில்லை. ஆனால் கூட்டை எடுத்துவிட்டு அதனிடத்தில் வைக்கப்பட்டது என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அக்கேள்விக்கு விடைபோல, அதே நாட்டில் வேறொரு மக்களுக்குச் செய்யப்பட்ட ஏற்பாடு ஒன்று கண்முன் நிற்கிறது. மலாய்க் கிராமவாசிகள் வாழ்நாளில் ஒருமுறை மக்காவுக்குப் போவதற்காக வீட்டுக்குள் பணத்தைச் சேர்த்தும், போதாவிட்டால் நிலத்தையும் மாட்டையும் விற்றும் அல்லற்படுவதைக் கண்ட பேராசிரியர் உங்கு அசிஸ், அவர்களுடைய பெருஞ்செலவை வீண்செலவென்று கடிந்துகொள்ளவில்லை. அந்த ஆசைக்குத் தக்கதொரு சேமிப்பு நிலையத்தை அமைக்கும் திட்டத்தை 1959இல் முன்வைத்தார். 1963இல் அது செயலுக்கு வந்து, பின்பு தாபோங் ஹாஜி என்ற மாபெரும் நிறுவனமாக வளர்ந்தது. மனிதர் வாழ்நாளில் ஒருமுறை செய்யத் துடிக்கும் பெருஞ்செலவை மதித்து, அதற்கேற்ற பாத்திரத்தைச் செய்து கொடுத்தால் ஏழையும் சேமிப்பான் என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அதே உங்கு அசிஸ்தாம் 1951 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றிய விரிவான அறிக்கையையும் எழுதினார். சுதந்திரம் நெருங்க நெருங்க, பல ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கிய வியாபாரிகள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக அறுத்து விற்றார்கள். துண்டு நிலத்துக்கு லயமும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வேண்டியதில்லை, ஆட்களும் வேண்டியதில்லை. ஒரு கையெழுத்தில் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த நெருக்கடியில் மலாயா இந்தியக் காங்கிரஸின் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் எடுத்த முடிவு தோட்டத் தமிழர் சரித்திரத்தில் ஆகப்பெரிய கொள்முதலுக்கு வழிசெய்தது. விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிவிடுவது என்பதே அது. 1960 மே மாதத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. பலருக்கு ஒரு மாதக் கூலியினும் மிகுதியான தொகை. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று ஏற்பாடு செய்து, சம்பந்தனும் அவர் துணைவியார் உமா அம்மையாரும் தோட்டந்தோட்டமாகப் போய் ஆட்களைச் சேர்த்தார்கள். மறு ஆண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று; தொடர்ந்து வேறு தோட்டங்களும் வந்தன. கையில் காசு தங்காது என்று எந்த மக்களைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அந்த மக்கள், வெளியேற்றம் வாசலில் நின்ற நேரத்தில், நீண்ட ஆலோசனைக்கு அவகாசமின்றி, தங்கள் பத்து வெள்ளியைத் தாங்கள் நேரில் காணாத ஒரு தோட்டத்துக்காகக் கொடுத்தார்கள். அவசரக் கொள்முதல் என்றால் இதைக்காட்டிலும் அவசரமானது எது? விவேகமான கொள்முதல் என்றாலும் இதைக்காட்டிலும் விவேகமானது எது?

எல்லா முயற்சியும் இவ்வாறு பலித்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சிரம்பானில் தொழிற்சங்கத் தொண்டைத் தொடங்கிய பி. பி. நாராயணனின் தலைமையில் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பிற்காலத்தில் காட்கோ என்ற வர்த்தக நிறுவனத்தை ஏற்படுத்திற்று. நெகிரி செம்பிலானிலேயே ஜெம்போல் மாவட்டத்தில், பஹாவ் பக்கம், தோட்டத் தொழிலாளரை நிலமுடையோராக்கும் குடியேற்றத் திட்டமொன்றை அது மேற்கொண்டது. ஊழியர் குடும்பங்கள் கைப்பணத்தைக் கொடுத்துக் காட்டைத் திருத்தக் குடிவந்தன. நிறுவனம் கடனில் அமிழ்ந்தது, நிலம் கைமாறியது, குடியேறியவர்கள் பல்லாண்டு வழக்காட நேர்ந்தது. நிலத்தைப் போன்ற உத்தமமான பொருளை வாங்கியும், பட்டா தங்கள் பெயரில் வராமையால் இவர்கள் அடைந்த துயரத்தைப் பார்க்கும்போது, வாங்கிய பொருள் எது என்பதைக்காட்டிலும் அது யார் பெயரில் நிற்கிறது என்பதே முக்கியம் என்று தோன்றுகிறது. காதிலிருந்த தோடு சிறியதுதான். ஆனால் அதற்குப் பட்டா வேண்டியதில்லை.

1969க்குப் பின்னர் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, பிறந்தது முதல் மலாயாவைத் தவிர வேறு மண்ணை அறியாதவரும் உட்படப் பல்லாயிரவர் ராஜூலா முதலிய கப்பல்களில் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் ஊழியர் சேமநிதியில் இருந்த தங்கள் பணத்தை வாங்கிக் கடைத்தெருவில் செலவிட்டு, ரேடியோவும் சைக்கிளும் துணியும் பெட்டி பெட்டியாகக் கட்டினார்கள். அந்தப் பெட்டிகளைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. ஐம்பதாண்டு உழைப்பில் எடுத்துச்செல்ல முடிந்தது அவ்வளவே.

இனி நம் காலத்துக்கு வருவோம்; அதன் வேர் சற்றுப் பின்னே, அந்தச் சேமநிதியில் இருக்கிறது. கொரியப் போர் விலையேற்றம் உச்சத்தில் நின்ற அதே 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு ஐந்து, முதலாளி நூற்றுக்கு ஐந்து. உலகின் மிகப் பழைய தேசியச் சேமநிதிகளுள் ஒன்றான இது தொழிலாளிக்கு உபகாரமான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் அமைப்பில் தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் ஒரு வினோதமான விபரீதம் நேர்ந்தது. ஐம்பத்தைந்து வயதில் அவன் கண்டறியாத தொகை மொத்தமாக அவன் கைக்கு வந்தது. பல தோட்டங்களில் அதே வயதில், வேலையோடு சேர்ந்து, லயத்து வீடும் அவன் கையைவிட்டுப் போயிற்று. தோட்டம் விற்கப்பட்டு ஆட்குறைப்பு நடந்த இடங்களிலும் இதே கதை. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி இழப்பீடு. முப்பதாண்டு மரம் வெட்டியவனுக்கு 600 நாள் கூலி. அதாவது இரண்டு வருஷக் கூலிகூட நிறையவில்லை. அத்தொகை நகரத்தில் ஒரு வீட்டை வாங்கப் போதாது; ஒரு மோட்டார் சைக்கிளையோ பழைய காரையோ வாங்கப் போதும். போதியதை அவன் வாங்கினான். மம்பாவுக்கு அருகில் தோட்ட நிலத்திலேயே 1990கள் முதல் சிரம்பான் 2 நகரியம் எழுந்தபோது, அந்த மண்ணில் பாடுபட்டவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு வீட்டின் சாவி கிடைத்தது என்பதை யோசித்துப் பார்ப்பவர், அவன் வாங்கிய காரைப் பற்றி உபதேசம் செய்ய மாட்டார்.

பெருந்தொற்றுக் காலம் இவ்விஷயத்தைத் தோட்டத்துக்கு வெளியேயும் கொண்டுவந்தது. 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாக ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்ட தொகை 145 பில்லியன் வெள்ளி. பசிக்காக எடுத்தவர் பலர். கண்ணெதிரே மரணத்தைக் கண்டு, நாளைக்கென்று வைத்து என்ன பயன் என்று எடுத்துப் பொருள் வாங்கியவரும் உண்டு. 2024 மே மாதத்தில் மூன்றாவது கணக்கு என்னும் புதுக் கணக்கு திறக்கப்பட்டு, இனிவரும் சந்தாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கை எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. தோட்டத் தமிழன் எண்பதாண்டுக்கு முன் கொண்டிருந்த மனநிலை இன்று நாடு முழுவதற்கும் பொதுவாகி, சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. அன்று அவனுக்குக் கிடைத்த வசவு மட்டும் இன்று எவருக்கும் கிடைக்கவில்லை.

கெடுதி விளைந்த கொள்முதல்களும் உண்டு. அவற்றை நான் பூசி மெழுக விரும்பவில்லை. தவணைக்கு வாங்கிய பொருள் பாதித் தவணையில் திருப்பி எடுத்துச் செல்லப்பட்ட வீடுகளும், சேமநிதியில் வாங்கிய கார் பழுதாகிக் கிடக்க வாடகைக்கு வழியில்லாமற்போன முதியோரும் நம் கண்முன் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உபதேசமன்று. ஓய்வுபெறுவதற்குப் பத்தாண்டு முன்னதாகவே, இன்னும் எஞ்சியுள்ள தோட்டங்களில் வேலை செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், சொந்தப் பெயரில் பட்டாவோடு ஒரு வீடு கிடைக்கச் செய்யும் வீட்டுடைமைத் திட்டமே வேண்டியது. 1970கள் முதல் மேடைகளில் பேசப்பட்டு வரும் அத்திட்டம் நிறைவேறிய தோட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். தொழிற்சங்கத்தாரும், கூட்டுறவுச் சங்கத்தாரும், நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போரும் இதை இந்தத் தலைமுறைக்குள் முடித்துத் தர வேண்டும். வீடு கையில் வந்தபின் அவர்கள் எதை வாங்கினாலும், எப்போது வாங்கினாலும், அது அவர்கள் உழைத்துத் தேடிய பணம். அதைக் குறித்து விசாரிக்க நமக்கு உரிமை இல்லை.